குடத்துக்குள் ஒரே ஒரு புளியங்கொட்டை

வக்கீலிடம் மாட்டிக்கொண்டால் பீஸோடு போயிற்று. வக்கீலுக்குப் படிக்காமலே சட்டம் தெரிந்தவரிடம் மாட்டிக்கொண்டு பாருங்கள், ஜாமீன்கூடக் கிடைக்காது. இந்த இனத்துக்கு உரிமைக்காரர் என்று பெயர் வைப்போம். நாடு குடியரசான பிறகு முளைத்த இனம். முதலில் ஊருக்கு ஒருவர் என்று ஆரம்பித்து, இரண்டாவது பொதுத்தேர்தல் முடிவதற்குள் தெருவுக்கு ஒருவர் என்று பெருகிவிட்டார்கள். காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காய வரத்து குறைந்தாலும் இவர்கள் வரத்து குறைவதில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். கக்கத்தில் ஒரு புத்தகம், சட்டைப் பையில் இரண்டு பேனா (ஒன்று எழுதும், ஒன்று எழுதாது), இப்போதுதான் யாரோ காலை மிதித்துவிட்டுப் போன மாதிரி முகத்தில் ஒரு பாவம். நீங்கள் மரியாதைக்கு வணக்கம் சொல்வீர்கள். அவர் பதில் வணக்கம் சொல்லமாட்டார். "பொது வழியில நின்னு இப்படி வணக்கம் சொல்றதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, தெரியுமா?" என்பார். தெரியாது என்று சொன்னீர்களோ, அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போன மாதிரிதான். தெரியும் என்றாலும் விடமாட்டார், சட்டத்தில் எத்தனையாவது ஷரத்து என்று கேட்பார்.

ஆளைக் காட்டாமல் இனத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே தென்னூர் கொத்தமல்லிச் சந்துக்கு வாருங்கள். அங்கே செல்லக்கண்ணு என்று ஒருவர், காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளை. தெப்பக்குளத்துப் பழைய புத்தகக் கடைக்குப் பஞ்சாங்கம் வாங்கப் போனவர், அட்டை கிழிந்த இந்திய அரசியல் சட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. அவரை அல்ல, சந்துக்காரர்களை. இங்கிலீஷ் புத்தகம். அவருக்குத் தெரிந்ததோ மூட்டை மேல் எழுதுகிற இங்கிலீஷ். இருந்தாலும் மனுஷர் விடவில்லை. அகராதியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, உதடு வலிக்க வலிக்க, அடிப்படை உரிமைகள் அத்தனையையும் நெட்டுருப் போட்டுவிட்டார். கடமை என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. புத்தகம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதுமுதல் அவர் வெறும் செல்லக்கண்ணு அல்ல, ஷரத்து செல்லக்கண்ணு. ஸ்ரீரங்கத்தில் இருக்கிற மச்சினன் ரெங்கராஜைப் பார்க்க டவுன் பஸ் ஏறுவார்.

"டிக்கெட் வாங்குங்க சார்."

"இந்தியா முழுக்கத் தடையில்லாம நடமாட எனக்கு உரிமை இருக்குய்யா. ஷரத்து பத்தொம்பது. கேள்விப்பட்டிருக்கியா?"

"நடமாடத்தானே சார்? தாராளமா. காவேரிப் பாலம் வந்தாச்சு, இறங்கி நடங்க."

ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு அந்த ரெங்கராஜோடு சொர்க்கவாசல் வரிசையில் நின்றார். பெருமாள் முன்னால் எல்லாரும் சமம் என்பது ஒன்று, சட்டத்தின் முன்னால் எல்லாரும் சமம் என்பது வேறொன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால் என்று பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து விளக்க ஆரம்பித்தார். விளக்கி முடித்துவிட்டு முன்னால் திரும்பினால் வரிசையைக் காணோம். ரெங்கராஜ் உட்பட எல்லாரும் இவரை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் போய்விட்டிருந்தார்கள்.

வீட்டில் எப்படி என்று கேட்கிறீர்களா? வீட்டில் ஏது ஷரத்து? அங்கே வருஷம் முழுக்க ஜனாதிபதி ஆட்சி. மனைவி வெள்ளையம்மாள், மாமியார் இருசம்மாள், புருஷனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்ட தங்கை மாரியாயி, ஆக மூன்று பிரஜைகள். பேச்சுரிமையைப் பற்றி அவர் மூன்று பேருக்கும் வாரம் ஒருமுறை பேசுவார். நடுவில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொத்தமல்லிச் சந்தில் குழாய் கிடையாது. பக்கத்துத் தெருவில்தான் உண்டு, அதுவும் பெரியண்ணன் வீட்டு வாசலில். முனிசிபாலிட்டிக் குழாய்தான், ஆனால் வாசல் பெரியண்ணனுடையது ஆயிற்றே! காலையில் கைவைத்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். முதலில் அவர் வீட்டு அண்டா, அப்புறம் அவர் வீட்டு மாடு, அப்புறம் அவருக்கு வேண்டியவர்கள். "கொத்தமல்லிச் சந்தா? ஓரமா நில்லுங்க, பார்க்கலாம்." அந்த ஓரத்தில்தான் சந்துப் பெண்கள் குடத்தை வரிசை வைத்துவிட்டு மணிக்கணக்கில் நிற்பார்கள். சில நாள் அவர்கள் முறை வரும். சில நாள் அதற்குள் தண்ணீர் நின்றுபோகும். அன்றைக்கெல்லாம் வெள்ளையம்மாள் வெறுங்குடத்தோடு வந்து, அடுப்படியில் அதைத் தொப்பென்று வைக்கிற சத்தம் வாசல்வரை கேட்கும். செல்லக்கண்ணு புத்தகத்திலிருந்து நிமிராமலே, "இது ஷரத்து பதினாலுக்கு விரோதம்" என்பார்.

ஆனால் மனு எழுதினார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். முனிசிபாலிட்டிக்கு, கலெக்டருக்கு, மந்திரிக்கு, அதற்கும் மேலே. பெரியண்ணனைக் குழாய்ச் சர்வாதிகாரி என்று எழுதினார். மனுவைப் பார்த்துத்தான் கொடுத்தார்களோ, எங்கேயோ பைப்பு மிச்சமாகிவிட்டதென்று கொடுத்தார்களோ, காவேரித் தாய்க்குத்தான் வெளிச்சம். ஒருநாள் முனிசிபாலிட்டி ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கி, "உங்க சந்துக்கு ஒரு குழாய் சாங்ஷன். எந்த இடத்துல வைக்கணும்னு எல்லாரும் ஒத்துப் பேசித் திங்கட்கிழமை சொல்லுங்க. சண்டை போட்டுக்கிட்டு நின்னீங்கன்னா பைப்பு அடுத்த சந்துக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு குழாய். ஒன்பது வாசல்.

அன்று சாயங்காலமே கூட்டம். சைக்கிள் கடை பஷீர் அகமது பேசினார், பொன்மலை ஒர்க்‌ஷாப் அற்புதசாமி பேசினார், மற்றவர்களும் பேசினார்கள். பேசின அத்தனை ஆண்களும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "எங்க வீட்டு வாசல்ல வேணும்னு நான் கேக்கலை. பொதுநலம்தான் முக்கியம். ஆனா எல்லாரும் சேர்ந்து இங்கதான்னு சொன்னா, நான் மறுக்க முடியாது." தியாகம் என்றால் அப்பேர்ப்பட்ட தியாகம். கடைசியில் வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று வைத்துத் தேர்தல் நடத்திவிடலாம் என்றார் பஷீர் அகமது.

செல்லக்கண்ணு எழுந்தார். "பாய், என்ன பேச்சு பேசறீங்க? வீட்டுக்கு ஒரு ஓட்டா? ஷரத்து முன்னூத்தி இருபத்தாறு என்ன சொல்லுது? இருபத்தோரு வயசு ஆன ஒவ்வொருத்தருக்கும் ஓட்டு உண்டு. ஆம்பளைக்கும் உண்டு, பொம்பளைக்கும் உண்டு. நம்ம தாய்மார்களோட உரிமையைப் பறிச்சா நான் சும்மா இருக்கமாட்டேன்!"

கதவோரமாக நின்றிருந்த பெண்களில் இரண்டு மூன்று பேருக்குக் கண்கலங்கிவிட்டது. ஆண்கள் முணுமுணுத்தார்கள். "பொம்பளைங்க தனியா என்னத்தைப் போடப் போறாங்க, நாம சொல்றதுக்குத்தானே" என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். தாய்மார்கள் மேல் அவருக்கு ஏன் திடீரென்று இத்தனை வாஞ்சை என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் விரல்விட்டு எண்ணியிருப்பார்கள். மற்ற வீடுகளில் புருஷன் பெண்சாதி என்று மிஞ்சிப்போனால் இரண்டு ஓட்டு. செல்லக்கண்ணு வீட்டிலோ அவரையும் சேர்த்து நாலு. மண்டிக் கணக்குப்பிள்ளை அல்லவா, கணக்கு தப்புமா?

தேர்தல் முறையையும் அவரே வகுத்தார். அப்போதைய பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம். திரைக்குப் பின்னால் போய், பிடித்த சின்னமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். பெட்டிக்கு எங்கே போவது? பெட்டிக்குப் பதில் குடம், சீட்டுக்குப் பதில் புளியங்கொட்டை. "சோழன் காலத்துலயே நம்ம ஆளுங்க குடத்துல ஓலை போட்டுத்தான் தேர்ந்தெடுத்தாங்க. உறையூர் எத்தனை தூரம்? கூப்பிடு தூரம்!" என்று அதற்கும் ஒரு பேச்சுப் பேசினார். வீட்டுக்கு ஒரு குடம், குடத்தின்மேல் சுண்ணாம்பால் சின்னம். பஷீர் அகமதுவுக்குச் சைக்கிள், அற்புதசாமிக்குச் சுத்தியல், தனக்குக் குடை.

அப்போது வீராயி முன்னால் வந்தாள். மார்க்கெட்டில் கூடை வைத்துக் கீரை விற்கிறவள், சந்தில் தனியாகக் குடியிருப்பவள். "அண்ணே, எங்க வீட்டு வாசலுக்குச் சின்னம் வேணாங்க. அதுக்குப் பதிலா அந்தக் கடைசில மொட்டைச் சுவர் இருக்கு பாருங்க, அதுக்கு என் குடத்தை வெச்சுக்குங்க."

சந்து முடிகிற இடத்தில் பாழடைந்த சரக்குக் கிட்டங்கியின் பின்சுவர் அது. வாசல் இல்லை, ஜன்னல் இல்லை, சொந்தக்காரர் யாரென்றுகூடத் தெரியாது. ஆண்கள் சிரித்தார்கள். யாரும் குடியில்லாத சுவருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? செல்லக்கண்ணுவுக்கு மட்டும் பெருந்தன்மை பொங்கியது. "சிரிக்காதீங்க. போட்டியிடறதுல சுவருக்கும் சம உரிமை உண்டு. ஷரத்து பதினாலு!" என்று நெளிந்துபோன அந்தக் குடத்தைத் தன் கையாலேயே வாங்கி, வரிசையின் கடைசியில் வைத்துக்கொள்ள அனுமதித்தார். அதற்குச் சின்னம் எதுவும் போடவில்லை.

தேர்தலுக்கு முந்தின மூன்று நாளும் அவர் வீட்டில் பயிற்சி வகுப்பு. "நம்ம சின்னம் என்ன?" "குடைங்க மாப்பிள்ளை." "யாருக்குப் போட்டோம்னு வெளியில யார்கிட்டயாவது சொல்லலாமா?" "சொல்லக்கூடாதுண்ணே, ரகசியம்." "உசிரே போனாலும்?" "சொல்லமாட்டோம்." வெள்ளையம்மாள் மட்டும் தலையை ஆட்டியதோடு சரி. அன்று அவள் வெறுங்குடத்தோடு வந்த நாள்.

இன்னொரு காரியமும் செய்தார். பரணில் கிடந்த, கை உடைந்துபோன நாற்காலி ஒன்றை இறக்கித் தூசிதட்டி வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். இப்படிப் போட்டால் குழாயைப் பார்த்தமாதிரி இருக்குமா, அப்படிப் போட்டால் வரிசையைப் பார்த்தமாதிரி இருக்குமா என்று நாலு கோணத்திலும் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுக் கை போட ஆசாரியிடம் கொடுத்துவிட்டார். வெள்ளையம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டே அதைப் பார்த்தாள். பெருக்குமாறு கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் வேலையைத் தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேர்தல். இரண்டு கம்பை நட்டுப் போர்வையைக் கட்டித் திரை. மூட்டைக்கு முத்திரை குத்துகிற மையை மண்டியிலிருந்து கொண்டுவந்து ஒவ்வொருவர் விரலிலும் செல்லக்கண்ணுவே வைத்தார். தேர்தல் அதிகாரி, போலீஸ், வேட்பாளர் எல்லாம் அவர்தான். முதல் ஓட்டும் அவருடையதுதான். குடைக் குடத்தில் கொட்டை 'டங்' என்று விழுந்த சத்தத்தில் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அப்புறம் ஆண்கள் போனார்கள். ஒவ்வொருவரும் தியாகியின் முகத்தோடு உள்ளே போய், கொஞ்சம் அவசரமாக வெளியே வந்தார்கள். பெண்கள் போனார்கள். அவர்கள் போன வேகமும் தெரியவில்லை, வந்த வேகமும் தெரியவில்லை.

எல்லாருக்கும் முன்னால் வைத்துக் குடங்களைக் கவிழ்த்தார். சைக்கிள், ஒரு கொட்டை. பஷீர் அகமது வானத்தைப் பார்த்தார். கிளி, ஒரு கொட்டை. செம்பு, ஒரு கொட்டை. ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஒற்றைக் கொட்டை உருண்டு வரவர, அந்தந்த வீட்டு ஆம்பிளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பொதுநலம் பேசின வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கொட்டையில் பேரா எழுதியிருக்கிறது? எழுதவே வேண்டாம். ரகசிய ஓட்டில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது என்று புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை.

சுத்தியல் குடத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாரும் அற்புதசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன்யா, உனக்கு நீயே போட்டுக்கலையா?"

"எங்க வாசல்ல வேணும்னு கேக்கலைன்னு அன்னைக்கே கூட்டத்துல சொன்னேனே" என்றார் அவர்.

சொன்னதை நிஜமாகவே நினைத்துச் சொன்ன ஒருவன் தங்களோடு குடியிருக்கிறான் என்று தெரிந்ததும், மற்றவர்கள் அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

மிச்சம் குடையும் சுவரும். செல்லக்கண்ணு குடைக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கினார். நாலு கொட்டையின் கனம் எப்படியிருக்கும் என்று மண்டிக் கைக்குத் தெரியாதா? தூக்கின கை கொஞ்சம் தயங்கியது. கவிழ்த்தார். உருண்டு வந்தது ஒன்று. குலுக்கினார். உள்ளே கையைவிட்டுத் துழாவினார். குடத்தைத் தலைக்குமேல் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான். அவருடையது.

வீராயியின் நெளிந்த குடத்தைக் கவிழ்த்தபோது சடசடவென்று கொட்டின சத்தம் சந்து முனைவரை கேட்டது.

"தேர்தல் செல்லாது!" என்றார் செல்லக்கண்ணு. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. சின்னம் இல்லாத குடம் முதலில் போட்டியிட்டதே தப்பு. சுவர் என்பது பிரஜை ஆகாது. பெண்கள் முன்கூட்டியே கலந்து பேசியிருக்கிறார்கள், அது சட்டப்படி குற்றம். எங்கே பேசினார்கள், எப்போது பேசினார்கள், அதற்கு விசாரணைக் கமிஷன் வைக்கவேண்டும்.

"பெரியண்ணன் வீட்டு வாசல்லதான் பேசினோம்" என்றாள் அற்புதசாமியின் மனைவி அமலராணி. "தினம் மணிக்கணக்கா நிக்கறோமே, வேற என்ன வேலை? பேசாம இருக்கணும்னு ஷரத்து ஏதாவது இருக்குங்களா அண்ணே?"

சந்தில் அவர் எதிரே அதுவரை வாய் திறந்திராத வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "யார் வாசல்ல குழாய் வெச்சாலும் அந்த வாசல்காரரு இன்னொரு பெரியண்ணன் ஆயிடுவாரு. சுவருக்கு வாசல் கிடையாது. அவ்வளவுதான். செல்லாதுன்னா இன்னொரு தடவை நடத்துங்க, வேணாங்கலை. ஆனா முதல்ல எங்க குடத்தைக் குடுங்க. ஓட்டுப் பெட்டியா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, எந்த வீட்லயும் இன்னும் உலை வெக்கலை."

ஆண்களுக்கு அப்போதுதான் பசி எடுத்தது. தேர்தல் செல்லும் என்று பஷீர் அகமது முன்மொழிந்தார், மற்றவர்கள் ஏகமனதாக வழிமொழிந்தார்கள்.

அன்று மத்தியானம் செல்லக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. குழாய் போனால் போகிறது. அந்த மூன்று கொட்டை! தன் சோற்றைத் தின்று, தன் கூரையின்கீழ் இருந்து, தன்னிடமே பயிற்சி எடுத்து! முதலில் மாமியாரை விசாரித்தார். "நீங்க சொன்னபடிதான் போட்டேன் மாப்பிள்ளை" என்றாள் இருசம்மாள். தங்கையை விசாரித்தார். "குடைக்குத்தாண்ணே" என்றாள் மாரியாயி. அப்படியானால் கொட்டைகளைக் குடம் தின்றுவிட்டதா? கடைசியாக அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"வெள்ளையம்மா, நீ யாருக்குப் போட்ட?"

"அது ரகசியங்க."

"புருஷன்கிட்ட என்ன ரகசியம்?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே மூணு நாளா சொல்லிக் குடுத்தீங்க. புருஷன்கிட்ட மட்டும் சொல்லலாம்னு அந்தப் புத்தகத்துல இருந்தா காட்டுங்க, சொல்லிடறேன்."

போய்ப் புத்தகத்தை எடுத்தார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே எடுத்தார். முதல் ஷரத்திலிருந்து அட்டவணைவரை அகராதியும் கையுமாகத் தேடினார். ஜனாதிபதிக்கு உண்டு, கவர்னருக்கு உண்டு, நீதிபதிக்கு உண்டு, கணக்குத் தணிக்கைக்காரருக்குக்கூட ஒரு ஷரத்து உண்டு. புருஷனுக்கு ஒரு வரி இல்லை. இத்தனை பெரிய புத்தகத்தை எழுதினவர்களுக்கு இது எப்படி மறந்துபோயிற்று என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், வெள்ளையம்மாள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, ஆசாரி நாற்காலியைக் கொண்டாந்திருக்காரு. கை நல்லா போட்டிருக்காரு. எங்க போடச் சொல்லட்டும்?"

நாற்காலி பரணுக்குப் போயிற்று.

குழாய் மொட்டைச் சுவரோரம் வந்தது. மனு எழுதின கை என்று பெண்கள் அவரையே திறக்கச் சொன்னார்கள். திறந்தார். பேசினார். உரிமை என்பது காவேரித் தண்ணீர் மாதிரி என்று ஆரம்பித்தார். காவேரித் தண்ணீரே எதிரில் கொட்டிக்கொண்டிருந்ததால் யாரும் காது கொடுக்கவில்லை. மறுநாள் வெள்ளையம்மாளுக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முட்டிவலி, தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். குழாயைக் கொண்டுவந்தவர் என்ற பாத்தியதையில் நேராக முன்னால் போய்க் குடத்தை வைத்தார். வீராயி அதை மெதுவாக எடுத்து, ஏழு குடம் தள்ளிக் கடைசியில் வைத்துவிட்டு வந்து, "ஷரத்து பதினாலுங்க அண்ணே" என்றாள். அவர் போய்க் கடைசியில் நின்றார். முதல் தடவையாக அந்த ஷரத்து அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. அகராதி தேவைப்படவில்லை.

சிரித்தீர்கள், சரி. நாமெல்லாம் செல்லக்கண்ணு இல்லைதான். நாற்காலிக்குக் கை போடக் கொடுத்ததில்லை, கண்டக்டரிடம் ஷரத்து பேசியதில்லை. ஆனால் அடுத்த தேர்தல் வரும். உங்கள் வீட்டு அம்மாள் விரலில் மையோடு சாவடியிலிருந்து வெளியே வருவாள். வெயிலில் நின்றாயே, கால் வலிக்கிறதா என்றா கேட்கப் போகிறீர்கள்? பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குனிந்து, குரலைத் தாழ்த்தி நீங்கள் கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். அவள் பதிலும் தெரியும். "நீங்க சொன்னபடிதாங்க" என்பாள். நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். குடத்தை மட்டும் கவிழ்த்துப் பார்க்காதீர்கள்.